விரலடையாளம் கண்ட வைத்தியர் ஹென்றி போல்ட்ஸ்

பச்சைக் களிமண்ணை வனையுங் குயவன் தன் பெயரை அதில் எழுதுவதில்லை. ஆயினும் அவன் விரல்நுனி பட்ட இடமெல்லாம் நுண்ணிய வரிகள் பதிந்துவிடுகின்றன. சூளையில் வெந்தபின் அவ்வரிகள் அழிவதுமில்லை. யப்பானின் தலைநகராகிய டோக்கியோவுக்கு அண்மையில், ஓமோரி என்னுமிடத்துச் சிப்பி மேடுகளை 1877ஆம் ஆண்டில் அகழ்ந்த அமெரிக்க அறிஞர் எட்வேட் மோர்ஸ், வரலாற்றுக்கு முற்பட்ட மட்கல ஓடுகள் பலவற்றை அங்கிருந்து எடுத்தார். கயிற்றை அழுத்திப் பதித்த கோலங்களை அவ்வோடுகளிற் கண்டு அறிஞர் பலர் வியந்தனர். மோர்சின் நண்பரொருவரோ கோலத்தை விட்டுக் கோலமிட்டவனின் விரற்பதிவிலே கண்ணைச் செலுத்தினார். அந்நண்பர் தொல்பொருள் ஆராய்ச்சியாளரல்லர். சுக்கிஜி என்னும் பகுதியில் ஏழைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஸ்கொத்லாந்து வைத்தியர். ஹென்றி போல்ட்ஸ் என்பது அவர் பெயர்.

இன்று உலகிலுள்ள பொலிஸ் நிலையங்களிலெல்லாம் விரலடையாளம் எடுக்கிறார்கள். ஆனால் குற்றம் நிகழ்ந்த இடத்திலே தற்செயலாக எஞ்சிய விரற்பதிவைக் கொண்டு ஆளை அறியலாமென அறிவியல் ஏட்டில் முதன்முதலாக எழுதியவர் இவரென்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் வாழ்ந்த காலத்தில் அதனை ஒப்புக்கொண்டோர் அதனினுஞ் சிலர்.

ஸ்கொத்லாந்தின் எயர்சயர்ப் பிரதேசத்தில், பீத் என்னும் சிற்றூரிலே 1843ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி போல்ட்ஸ் பிறந்தார். குடும்பத்தின் நிலை காரணமாகப் பதின்மூன்றாம் வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கிக் கிளாஸ்கோ நகரில் எழுதுவினைஞராக ஊழியம் புரிய நேர்ந்தது. பிறருக்காகப் பேனா பிடித்து ஆண்டுகள் பல கழித்த அவ்விளைஞர், 21ஆம் வயதிற் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் புகுந்து கணிதம், தருக்கம், பண்டை இலக்கியம் ஆகியவற்றைப் பயின்றார். பின்னர் அண்டர்சன் கல்லூரியில் வைத்தியங் கற்றுத் தேறினார். காலந்தாழ்த்திக் கல்வி பெற்றவர்களிடம் ஒருவகை விடாப்பிடி காணப்படுவதுண்டு. கற்றதை எளிதில் விடார். தமக்குரியதென எண்ணியதைப் பிறர் எடுத்துக்கொள்வதையும் எளிதிற் பொறார். இவ்விரு குணங்களும் போல்ட்சிடம் இறுதிவரை நின்றன.

1871ஆம் ஆண்டில் மிஷன் வைத்தியராக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு டார்ஜிலிங்கில் இரண்டாண்டுகள் ஏழைகளுக்குப் பணி செய்தார். 1873இல் யப்பானிலே வைத்திய மிஷனொன்றை நிறுவும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இசபெல்லா வில்சன் என்பாரை மணந்து, 1874இல் யப்பானை அடைந்தார். நெடுங்காலம் அந்நியருக்குக் கதவடைத்திருந்த நாடு அப்போதுதான் மேனாட்டுக் கல்வியை அவாவி நின்றது. கிறித்துவத்தின் மீதிருந்த தடை நீங்கி ஓராண்டே ஆகியிருந்தது. சுக்கிஜியில் அவர் அமைத்த வைத்தியசாலை விரைவில் வளர்ந்தது. சத்திரசிகிச்சையின்போது புண்ணிற் கிருமி புகாது காக்கும் லிஸ்டரின் முறையை யப்பானிய வைத்தியருக்குக் கற்பித்தோரில் அவரும் ஒருவர். 1882ஆம் ஆண்டளவில் வருடத்துக்குப் பதினையாயிரம் நோயாளர் அங்கு வைத்தியம் பெற்றனர். யப்பானிய மொழியை நன்கு கற்றார். கண்பார்வையற்றோருக்கென 1875இல் ஒரு சங்கமும், 1880இல் ஒரு பாடசாலையும் தோன்ற உதவினார். குருடர் விரலாற் புத்தகம் வாசிக்க வழிதேடிய அதே மனிதர், அதே ஆண்டுகளில், விரலையே புத்தகமாக வாசிக்கத் தொடங்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஓமோரி ஓடுகளைப் பார்த்தபின் போல்ட்ஸ் தம் விரலைப் பார்த்தார். பின்னர் நண்பர், மாணாக்கர், வேலையாட்கள் எனக் கையில் அகப்பட்டோர் விரல்களையெல்லாம் பார்த்தார். வயலிலே வரம்புகள் வளைந்தும் பிரிந்தும் மீண்டுங் கூடியும் ஓடுவதுபோல விரல்நுனித் தோலிலும் மேடுகள் ஓடுகின்றன. சிலருக்குச் சுழி, சிலருக்குக் கண்ணி, சிலருக்கு வில். இவை பொதுவான வகைகள். ஆனால் ஒரு வரம்பு எவ்விடத்தில் முடிகிறது, எவ்விடத்தில் இரண்டாகப் பிளக்கிறது, எவ்விடத்திற் சிறு தீவுபோல் நிற்கிறது என்று நோக்கினால் ஒருவர் விரல்போல் மற்றொருவர் விரல் இருக்கக் காணோம்.

நிற்க, வேறுபாடு மாத்திரம் போதுமா? அவை மாறாதிருத்தலும் வேண்டுமல்லவா? இதனை நிச்சயிக்க அவரும் மாணாக்கரும் செய்த சோதனை சற்றுக் கொடியது. தம் விரல்நுனி வரம்புகளைச் சவரக்கத்தியாற் சீவினர், உரைகல்லால் உராய்ந்தனர், அமிலமும் காரமும் இட்டுத் தேய்த்தனர். தோல் ஆறி வளர்ந்தபோது முன்னிருந்த அதே வரம்புகள், அதே பிளவுகளுடன், அதே இடத்தில் மீண்டும் எழுந்தன. ஒரு முறையன்று, பலமுறை செய்தும் விளைவு மாறவில்லை. தோலின் அடிப்படையிலே அவ்வடிவம் வேரூன்றியிருப்பதால், ஆழமான புண் ஏற்பட்டாலன்றி அது அழிவதில்லை என இன்று அறிகிறோம். தாயின் வயிற்றிற் கரு மூன்றாம் மாதத்தைக் கடந்ததும் அமையத் தொடங்கும் இவ்வரம்புகள் பிறக்குமுன்பே முற்றுப்பெற்று, இறந்தபின் உடல் அழியும்வரை மனிதனுடன் இருக்கின்றன.

பதிவெடுக்க அவர் கையாண்ட முறை மிக எளியது. வழவழப்பான தகரத் தகட்டில் அச்சுமையை மிக மெல்லியதாய்ப் பரப்பி, விரலை அதில் இலேசாக ஒற்றி, சற்றே ஈரமான தாளிற் பதித்தார். கண்ணாடியிலும் பதித்துப் பார்த்தார். வியர்வைத் துவாரங்கள்கூட அதில் தெளிவாய்த் தெரிந்தன. மையைக் கழுவச் சவர்க்காரமும் வெந்நீரும் போதுமென்றும், பென்சீன் அதனினும் நன்றென்றும் குறித்துவைத்தார். ஆராய்ச்சியைத் தாம் மட்டும் வைத்துக்கொள்ளாது பிறருஞ் செய்துபார்க்கவேண்டுமென்னும் ஆசிரிய மனப்பான்மை இச்சிறு குறிப்பிலே தெரிகிறது.

இவ்வாராய்ச்சி நடக்கும்போதே இரு சம்பவங்கள் நிகழ்ந்தன. மருந்துக்கென வைக்கப்பட்டிருந்த சுத்திகரித்த மதுசாரத்தை யாரோ களவாகக் குடித்துவந்தனர். குடித்தவர் பாத்திரத்தில் எண்ணெய்ப்பசையுள்ள விரற்பதிவை விட்டுச் சென்றிருந்தார். போல்ட்சின் சேகரத்தில் அவ்விரலின் பிரதி முன்னரே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார், வரம்புக்கு வரம்பு பொருந்தியது. களவும் சிறியது, கள்வனும் சிறியவன். ஆதலால் இதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது சம்பவமே பெரிது. வெள்ளையடித்த சுவரொன்றில் ஏறிச் சென்றவனின் கரிபடிந்த விரல்கள் சுவரிற் பதிந்திருந்தன. சந்தேகத்தின்பேரில் ஒருவனைப் பொலிசார் பிடித்தனர். அவன் விரலைத் தாளிற் பதித்துப் பார்த்த போல்ட்ஸ், சுவரிலுள்ளது அவனுடையதன்று எனக் காட்டினார். அப்பதிவு அவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்கப் பெரிதும் உதவியது. பின்வந்த எழுத்தாளர் சிலர் இக்கதைக்குக் கைகால் வைத்து வளர்த்துள்ளனர். அவற்றையெல்லாம் நீக்கிப் பார்த்தாலும் ஒன்று எஞ்சுகிறது: குற்ற ஆராய்ச்சியில் விரலடையாளத்தைப் பயன்படுத்திய போல்ட்சுக்கு அது ஒருவனைச் சிறையில் அடைக்கும் கருவியாக மட்டும் தோன்றவில்லை, குற்றமற்றவனை மீட்கும் சாட்சியாகவும் தோன்றியது. அவருடைய பிற்கால நடத்தையை விளங்கிக்கொள்ள இதனை நினைவிலிருத்தல் வேண்டும்.

பாத்திரத்திலிருந்த எண்ணெய்ப்பதிவு, சுவரிலிருந்த கரிப்பதிவு, ஓட்டிலிருந்த மட்பதிவு ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே கண்டமை தற்செயலாயினும், விரற்பதிவுகளின் மூன்று இனங்களும் இவையே. மென்மையான பொருளிற் குழியாகப் பதிவது ஒன்று. கரி, இரத்தம், வண்ணம் முதலியன தோய்ந்த விரலாற் கண்ணுக்குத் தெரியப் பதிவது மற்றொன்று. வெறும் வியர்வையாலும் எண்ணெயாலும் கண்ணுக்குத் தெரியாமற் பதிவது மூன்றாவது. இம்மூன்றாவதை வெளிக்கொணர்வதே மிகக் கடினம். உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் இல்லை. வியர்வைத் துவாரங்களே உண்டு. நாம் முகத்தையும் தலைமயிரையும் அடிக்கடி தொடுவதால் எண்ணெய் விரலில் ஒட்டிக்கொள்கிறது. வியர்வையோ பெரும்பாலும் நீர். அந்நீர் உலர்ந்தபின் எஞ்சுவன சிறிதளவு உப்பும் அமினோ அமிலங்களும் பிறவுமே. அவ்வற்ப எச்சத்திலிருந்து முழு வடிவத்தையும் மீட்கவேண்டும்.

எப்பொருளிற் பதிந்தது என்பதைப் பொறுத்தே மீட்கும் முறையும் அமைகிறது. கண்ணாடி, பீங்கான், வண்ணம் பூசிய மரம், உலோகம் போன்ற வழவழப்பான பரப்புகள் எதனையும் உறிஞ்சுவதில்லை. பதிவு மேலேயே தங்கும். கரித்தூளையோ அலுமினியத் தூளையோ மெல்லிய தூரிகையால் தடவினால், தூள் எண்ணெய்ப்பசையில் ஒட்டி வரம்புகளைக் காட்டும். அதனைப் படமெடுத்தபின் ஒட்டுந்தாளால் ஒற்றி எடுத்துக்கொள்வர். தாளோ வியர்வையை உறிஞ்சிவிடும். அங்கே தூள் பெரிதாகப் பயன்படாது. தாளில் அயடீன் ஆவியைப் படரவிட்டால் விரற்பதிவு கபில நிறமாய்த் தோன்றுமென்பதைப் பிரான்சிய இரசாயன அறிஞர் கூலியே 1863ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அது எவர் கவனத்தையும் கவரவில்லை. வெள்ளி நைத்திரேற்று வியர்வையின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கும். கேம்பிரிட்ஜில் ருஹேமான் 1910இற் கண்டுபிடித்த நின்ஹைதரின் என்னும் பொருள் அமினோ அமிலம் பட்ட இடத்தை ஊதா நிறமாக்கும் இயல்புடையது. அதனைக் கையாண்ட இரசாயனவியலாளரின் விரல்களையே அது கறைப்படுத்தியது. ஆயினும் தாளிலுள்ள விரலடையாளத்தை மீட்க அது உதவுமென்று சுவீடனைச் சேர்ந்த இருவர் எடுத்துரைத்தது 1954இலேதான். நாற்பத்துநான்கு ஆண்டுகள் கறைபட்ட விரலைக் கழுவினார்களே தவிரக் கறையைப் பற்றிச் சிந்தித்தாரில்லை!

ஈரத்தில் நனைந்த பொருளுக்கு நீரிற் கலந்த நுண்துகள்களைத் தெளிப்பர். இரத்தப் பதிவுக்குப் புரதத்தைப் பற்றும் சாயமிடுவர். பிளாஸ்திக்குப் பைகளுக்கு வெற்றிடப் பெட்டியினுள் பொன்னையும் நாகத்தையும் ஆவியாக்கிப் படியவைப்பர். 1970களின் பிற்பகுதியில் வந்த இன்னொரு முறை நம் கதையோடு தொடர்புடையது. சுப்பர் குளூ என வழங்கும் பசையின் ஆவி விரற்பதிவில் வெண்மையாய் உறைந்து நிற்பதை முதலிற் கண்டறிந்தோருள் யப்பானியப் பொலிஸ் ஆய்வுகூடத்தார் முக்கியமானவர். பசையைக் கொண்டு நுணுக்குக்காட்டிக் கண்ணாடியில் மயிரை ஒட்டிக்கொண்டிருந்த அலுவலர், தம் விரலடையாளம் தாமாகவே கண்ணாடியில் வெளிப்பட்டதைக் கவனித்தாராம். போல்ட்ஸ் சுவரைப் பார்த்து நின்ற நாட்டிலேயே, ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின் இது நிகழ்ந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1880ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் போல்ட்ஸ் தம் ஆராய்ச்சியை விளக்கிச் சார்ள்ஸ் டார்வினுக்குக் கடிதமெழுதி உதவி வேண்டினார். முதுமையும் நோயும் வாட்டிய டார்வின், அக்கடிதத்தைத் தம் உறவினரான பிரான்சிஸ் கோல்ற்றனுக்கு அனுப்புவதாக ஏப்ரல் மாதத்தில் மறுமொழி எழுதினார். சொன்னபடியே அனுப்பினார். கோல்ற்றன் அதனை மானிடவியற் சங்கத்திற் சேர்ப்பித்தார். அங்கே அது ஆண்டுக்கணக்காக உறங்கியது. விடை வராதிருக்க, போல்ட்ஸ் தம் கருத்தை நேச்சர் என்னும் அறிவியல் வார ஏட்டுக்கு எழுதி அனுப்பினார். 1880 அக்டோபர் 28ஆந் திகதி அது வெளிவந்தது. விரல்வரிகள் மாறாதன என்பதும், இரத்தத்திலும் களிமண்ணிலும் கண்ணாடியிலும் எஞ்சும் பதிவுகளாற் குற்றவாளியை அறியலாமென்பதும், முக்கியமான குற்றவாளிகளின் விரற்பிரதிகளைச் சேர்த்துவைக்கவேண்டுமென்பதும் அக்கட்டுரையிலேயே உள்ளன. இன்றைய விரலடையாளத் துறையின் கருவை அக்கட்டுரை முழுமையாகக் கொண்டிருந்தது எனலாம்.

ஒரு மாதத்துக்குள், நவம்பர் 25ஆந் திகதி, அதே ஏட்டில் இன்னொரு கடிதம் வந்தது. எழுதியவர் வில்லியம் ஹேர்ஷல்; வங்காளத்திற் சிவில் அதிகாரியாய் இருந்தவர். 1858ஆம் ஆண்டிலேயே ஜங்கிப்பூரில் வீதிக்குக் கல் வழங்கும் ஒப்பந்தமொன்றிற் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தகைக்காரரின் கைப்பதிவைப் பெற்றவர். பின்னர் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோர், காணிப் பத்திரம் பதிவோர், சிறைவாசிகள் ஆகியோரின் விரலடையாளத்தை எடுத்து ஆள்மாறாட்டத்தைத் தடுத்தவர். இவற்றையெல்லாம் ஹேர்ஷல் எடுத்துக்காட்டினார். அவர் கூறியது உண்மையே. ஆயினும் அதுவரை அவர் எதனையும் வெளியிட்டிருக்கவில்லை. குற்றஞ்செய்தவன் அறியாமல் விட்டுச்சென்ற பதிவைத் தேடுவது பற்றியும் அவர் பேசவில்லை. ஒருவர் எழுதப்படிக்கத் தெரியாதவனின் கையொப்பமாக விரலைக் கண்டார். மற்றவர் பேசாத சாட்சியாக அதனைக் கண்டார். இருவருக்கும் இடமிருந்தது. நடுநின்று நோக்குவோர்க்கு இது தெளிவு. போட்டியில் நின்ற இருவருக்கும் அத்தெளிவு எளிதில் வாய்க்கவில்லை.

மிஷன் சபையோடு ஏற்பட்ட மனவேற்றுமையால் 1886ஆம் ஆண்டளவில் போல்ட்ஸ் இங்கிலாந்துக்குத் திரும்பினார். திரும்பியதும் ஸ்கொட்லண்ட் யாட் பொலிஸ் தலைமையகத்தை நாடி, சிறு விரலடையாள நிலையமொன்றைத் தம் செலவிலேயே நடத்திக் காட்டுவதாக வேண்டினார். 1888இல் டன்பிறிட்ஜ் என்னும் இன்ஸ்பெக்டர் வந்து விவரங் கேட்டுச் சென்றார். திட்டம் ஏற்கப்படவில்லை. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அதே டன்பிறிட்ஜ் பிற்காலத்தில் நியூசிலாந்துப் பொலிசின் தலைமைப் பதவி வகித்தபோது, அந்நாட்டில் விரலடையாள முறை 1903இல் ஏற்படுத்தப்பட்டது.

அதே 1888ஆம் ஆண்டில் கோல்ற்றன் இத்துறையில் இறங்கினார். ஹேர்ஷல் தம் சேகரங்களையெல்லாம் அவருக்கு அளித்தார். 1892இல் கோல்ற்றன் வெளியிட்ட நூல் சிறந்த நூலென்பதில் ஐயமில்லை; விரலடையாளம் நிலையானது என்பதை நிறுவியது அதுவே. ஆனால் அதில் ஹேர்ஷல் பெற்ற மதிப்பிற் சிறு பங்கும் போல்ட்சுக்குக் கிடைக்கவில்லை. டார்வின் அனுப்பிய கடிதம் கோல்ற்றனின் கைவழியே சென்றதை நினைக்குங்கால் இம்மௌனத்தை மறதியென்று மாத்திரஞ் சொல்லிவிட மனம் இடந்தரவில்லை.

எஞ்சியது வகைப்படுத்தும் வேலை. ஆயிரமாயிரம் தாள்களில் வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது? வங்காளப் பொலிஸ் தலைவர் எட்வேட் ஹென்றியின்கீழ் வேலைசெய்த அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இருவர், பத்து விரல்களையும் 1,024 அறைகளுள் அடக்கும் முறையைச் சமைத்தனர். 1897இற் கல்கத்தாவில் விரலடையாள நிலையம் ஏற்பட்டது. 1901இல் ஸ்கொட்லண்ட் யாட்டிலும் ஏற்பட்டது. முறைக்கு ஹென்றியின் பெயரே நிலைத்தது. வங்காளத்து இருவர் அடைந்த நிலையும் போல்ட்ஸ் அடைந்த நிலையும் ஒன்றையொன்று ஒத்தன. வேறொரு சந்தர்ப்பத்தில் தனியாக எழுதவேண்டிய கதை அது.

இவ்வாறிருக்க, 1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் திகதி லண்டனின் டெப்ற்போர்ட் பகுதியில் வண்ணக்கடை முகாமையாளரான பரோ என்னும் முதியவர் கொலையுண்டார். அடியுண்ட மனைவியும் சில நாட்களில் இறந்தார். வெறுமையாக்கப்பட்ட பணப்பெட்டியின் உட்தட்டில் ஒரு பெருவிரற் பதிவு காணப்பட்டது. அது அல்பிரட் ஸ்ராற்றன் என்பவனின் வலக்கைப் பெருவிரல் என்று பொலிசார் கூறினர். அல்பிரட்டும் அவன் சகோதரன் அல்பேட்டும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். இங்கிலாந்திற் கொலை வழக்கொன்றில் விரலடையாளம் தீர்க்கமான சாட்சியாக வந்தது இதுவே முதன்முறை. இன்ஸ்பெக்டர் கொலின்ஸ் பெரிதாக்கிய படங்களைக் காட்டி, பதினொரு இடங்களிற் பொருத்தம் உண்டென்று யூரர்களுக்கு விளக்கினார்.

அந்நீதிமன்றத்திலே எதிரிகளின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? விரலடையாளத்தின் தந்தையென உரிமை கோரிய போல்ட்சே! இதனைக் கேட்டோர் அன்றும் திகைத்தனர், இன்றுந் திகைப்பர். தம்மைப் புறக்கணித்த பொலிசார்மீது கொண்ட வன்மமே காரணமென்றனர் சிலர். வன்மம் ஒருசிறிதும் இருந்திராது என்று யாம் வாதிடமாட்டோம். ஆனால் அவர் எழுப்பிய ஆட்சேபம் வன்மத்தால் மட்டும் பிறந்ததன்று. பத்து விரல்களும் தெளிவாகப் பதிந்தாற் பிழைக்கு இடமில்லை. வியர்வையால் மங்கிய ஒரேயொரு விரலின் அரைகுறைப் பதிவைக்கொண்டு ஓருயிரைப் போக்கலாமா? இரு வேறு மனிதரின் ஒற்றை விரல்கள் எவ்வளவு நெருங்கி ஒத்திருக்கலாம் என்பதை யாராவது ஆராய்ந்ததுண்டா? இதுவே அவர் கேள்வி.

கேள்வி நீதிமன்றத்தில் ஒலிக்கவேயில்லை. எதிரிகளுக்காகச் சாட்சியமளித்த நிபுணர் கார்சன், இரு கட்சிகளுக்கும் சாட்சி சொல்ல விரும்பிக் கடிதமெழுதியிருந்தமை வெளிப்பட, அவர் வார்த்தையின் மதிப்புப் போயிற்று. அதன்பின் போல்ட்ஸ் சாட்சிக்கூண்டுக்கு அழைக்கப்படவில்லை. சகோதரர் இருவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாகி மே மாதம் 23ஆந் திகதி தூக்கிலிடப்பட்டனர். அவர்களுக்கெதிராக வேறு சாட்சியங்களும் இருந்தன. தீர்ப்புப் பிழையென்று சொல்வாரில்லை. எனினும் கேள்வி அவ்வழக்கோடு இறந்துவிடவில்லை.

1997ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில், போல்ட்ஸ் பிறந்த அதே எயர்சயரிலே, கொலை நிகழ்ந்த வீடொன்றிற் காணப்பட்ட பெருவிரற் பதிவு ஒரு பெண் பொலிஸ் அலுவலருடையதென நிபுணர் நால்வர் கூறினர். தாம் அவ்வீட்டினுள்ளே சென்றதேயில்லை என்று சத்தியஞ்செய்த அவ்வலுவலர், பொய்ச்சத்தியஞ் செய்தாரென்று குற்றஞ்சாட்டப்பட்டு 1999இல் விடுதலையானார். பகிரங்க விசாரணையொன்று 2011இல் அப்பதிவு அவருடையதன்று என முடிவுகட்டியது. 2004இல் மட்ரிட் நகரத்து வெடிகுண்டுச் சம்பவத்தின்போது, பிளாஸ்திக்குப் பையொன்றிலிருந்த பதிவை அமெரிக்க நிபுணர்கள் ஒறிகன் மாநிலச் சட்டத்தரணி ஒருவருடையதென்று உறுதியாகச் சொல்லி அவரை இரு வாரங்கள் சிறைவைத்தனர். அது வேறொருவனுடையதென ஸ்பானியப் பொலிசார் கண்டபின்னரே அவருக்கு விடுதலையும், அமெரிக்க அரசின் மன்னிப்பும் நட்டஈடும் கிடைத்தன. இரண்டிடத்தும் பிழைத்தது விரலன்று; அதனைப் பார்த்த கண். சுக்கிஜிச் சுவரின் முன்னின்ற வைத்தியர் அஞ்சியதும் அதனையே.

போல்ட்சின் பிற்கால வாழ்க்கையைச் சொல்ல அதிகமில்லை. ஸ்தபோட்சயரின் மட்பாண்டத் தொழிலூர்களிடையே பென்ரன் என்னுமிடத்திற் பொலிஸ் வைத்தியராகவும் பொது வைத்தியராகவும் காலங் கழித்தார். மீண்டும் களிமண்ணின் நடுவே! 1905இல் ஒரு வழிகாட்டி நூலும், 1912இல் விரல்வரியியல் பற்றிய நூலும் எழுதினார். எஞ்சிய ஆற்றலையெல்லாம் ஹேர்ஷலோடும் கோல்ற்றனோடும் அவர்தம் ஆதரவாளரோடும் பத்திரிகைகளிற் பூசலிடுவதிலே செலவிட்டார். ஒரே முறையீட்டை ஆண்டுதோறும் எழுதுபவரின் கடிதத்தைப் பத்திராதிபர்கள் அலுப்போடு பிரிப்பது இயல்புதானே? நியாயம் அவர் பக்கத்தில் இருந்தது. ஆனால் அந்நியாயத்தை அவர் சொன்ன முறையே கேட்போரை விரட்டியது. கோல்ற்றன் 1911இலும், ஹேர்ஷல் 1917இலும் மறைந்தனர். போல்ட்ஸ் தொடர்ந்து எழுதிக்கொண்டேயிருந்தார். 1922இல் அயலூராகிய வுல்ஸ்ரன்ரனுக்குக் குடிபெயர்ந்து, 1930 மார்ச் மாதத்தில் 86ஆம் வயதில் அங்கே காலமானார். அரசாங்கம் அவருக்கு எவ்விதச் சிறப்புஞ் செய்யவில்லை.

அவர் மறைந்தபின் ஸ்கொத்லாந்துச் சட்ட அறிஞர் ஜோர்ஜ் வில்டன் அவர் சார்பில் வழக்காடினார். 1938இல் வில்டன் எழுதிய நூலின் பின்னரே போல்ட்சின் பெயர் அறிஞரிடையே மீண்டும் பேசப்பட்டது. 1961இல் யப்பானியர், சுக்கிஜியில் அவர் வாழ்ந்த இடத்தருகே நினைவுக்கல் நாட்டினர். இங்கிலாந்திலோ, வுல்ஸ்ரன்ரன் தேவாலய வளவிலிருந்த கல்லறை புல் மண்டிக் கிடந்தது. 1987ஆம் ஆண்டில் அதனைத் தேடிக் கண்டு துப்புரவாக்கிப் புதுப்பித்தவர்கள் அமெரிக்க விரலடையாள நிபுணர்கள். பிறந்த ஊராகிய பீத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது 2004ஆம் ஆண்டிலே.